பழைய கார் வாங்கும் நான்கு வழிகள்: சேலத்திலிருந்து ஓர் ஒப்பீடு

சேலத்தில் ஐந்து லட்சம் ரூபாய்க்குள் பழைய கார் ஒன்று வாங்க நினைக்கும் குடும்பத்தின் முன்னே இன்று நான்கு வழிகள் இருக்கின்றன. ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையை ஒட்டியும் இருக்கும் கன்சல்டிங் கடைகளில், அதாவது பழைய வண்டி வியாபாரிகளிடம், வாங்கலாம். கார் தயாரிப்பு நிறுவனங்களின் பெயரில் நடக்கும் பழைய கார் ஷோரூம்களில் வாங்கலாம். பெருநகரங்களை மையமாகக் கொண்டு செயலி வழியே விற்கும் நிறுவனங்களிடம் வாங்கலாம். வண்டியின் உரிமையாளரைத் தேடிப் பிடித்து நேரடியாகவும் வாங்கலாம். இந்த நான்கையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் கேட்பது எங்கே மலிவு என்ற ஒரே கேள்வியைத்தான். ஒரே ஆண்டில் வந்த ஒரே மாடலுக்கு ஓரிடத்தில் நாலே முக்கால் லட்சமும் இன்னோரிடத்தில் ஐந்தேகால் லட்சமும் சொன்னால், முதலாவதையே மலிவு என்று எடுத்துக்கொள்கிறோம். ஆனால் நான்கு இடங்களிலும் விலை உருவாகும் விதம் வேறு என்பதால், அந்தத் தொகையில் வெளியே தெரியாமல் நிற்பதும் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. எங்கே எது மறைந்திருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கும் வசதி நமக்கு இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரியான முறை என்று நான் கருதுகிறேன்.

கன்சல்டிங் கடைகளிலிருந்து தொடங்கலாம். சேலத்திலும் ஆத்தூர், ஓமலூர், சங்ககிரி பகுதிகளிலும் பலர் முதலில் போய் நிற்பது அங்கேதான். கடை வாசலில் நிற்கும் எல்லா வண்டியும் கடைக்காரருக்குச் சொந்தமானதல்ல. சிலவற்றை அவர் பணம் கொடுத்து வாங்கியிருப்பார். சிலவற்றை உரிமையாளர்கள் விற்றுத் தரச் சொல்லி விட்டுச் சென்றிருப்பார்கள். இரண்டாவது வகையில், 'எனக்கு நெட்டா நாலு இருபது வந்தா போதும்' என்று உரிமையாளர் சொல்லியிருந்தால், அதற்கு மேல் கிடைப்பது முழுவதும் கடைக்காரருடையது. வாங்குபவர் பேரம் பேசி இருபதாயிரம் குறைத்துவிட்டதாக மகிழும்போது, அந்தக் குறைப்பு எந்த உயரத்திலிருந்து தொடங்கியது என்பது அவருக்குத் தெரிவதில்லை. ஆக, இங்கே மறைந்திருப்பது விற்பவரின் அசல். இது தன்னளவில் மோசடி அன்று. எந்த வியாபாரிக்கும் தன் கொள்முதல் விலையைச் சொல்லும் கடமை இல்லை. அது நமக்குத் தெரியாது என்பதை வைத்து நடத்தப்படும் பேச்சில்தான் சிக்கல் இருக்கிறது.

அந்தப் பேச்சு பெரும்பாலும் புது வண்டியின் ஆன்ரோடு விலையிலிருந்து, அதாவது வரியும் பதிவும் இன்சூரன்ஸும் சேர்ந்த விலையிலிருந்து, தொடங்கும். 'இதே வண்டி புதுசு ஆன்ரோடு ஒன்பது லட்சம் சார், நீங்க பாதி விலைக்கு எடுக்கிறீங்க' என்று கேட்டவுடன், நாம் மனத்தில் வைத்திருந்த கணக்கு கலைந்து அந்த ஒன்பது லட்சமே அளவுகோலாகிவிடுகிறது. ஆனால் நான்கு மீட்டர் நீளத்துக்கு உட்பட்ட, 1200 சிசி வரையிலான பெட்ரோல் கார்களுக்கும் 1500 சிசி வரையிலான டீசல் கார்களுக்கும் ஜிஎஸ்டி 28 சதவீதமும் அதன் மேல் இழப்பீட்டு வரியுமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. புதிய வண்டியின் விலை இறங்கும்போது அதே மாடல் பழைய வண்டியின் மதிப்பும் கூடவே இறங்கியாக வேண்டும். குறைப்புக்கு முந்தைய ஆன்ரோடு விலையைச் சொல்லிப் பழைய வண்டிக்கு விலை வைப்பவரிடம் பேரம் பேசுவதைவிட, புதுக் கார் ஷோரூமில் இன்றைய விலைப்பட்டியலை எழுத்தில் வாங்கிக்கொண்டு போவது அதிகப் பயன் தரும்.

அடுத்தது டோக்கன் அட்வான்ஸ். 'சாயங்காலம் அயோத்தியாப்பட்டணத்துல இருந்து ஒரு பார்ட்டி வர்றாங்க அண்ணா, நீங்க டோக்கன் போட்டுட்டா வண்டிய நிறுத்தி வைக்கிறேன்' என்பது உண்மையாகவும் இருக்கலாம், அவசரப்படுத்துவதற்காகச் சொல்லப்பட்டதாகவும் இருக்கலாம். வாங்குபவரால் அதைச் சரிபார்க்க முடியாது. ஐந்தாயிரமோ பத்தாயிரமோ கொடுத்த பிறகு நடக்கும் மாற்றமே முக்கியம். அதுவரை வண்டியில் குறை தேடிய மனம், பணம் கைமாறியவுடன் அந்த வண்டிக்காக வாதாடத் தொடங்குகிறது. மெக்கானிக்கை அழைத்து வருவது வெறும் சடங்காகிவிடுகிறது. டோக்கன் கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், மெக்கானிக் பார்த்து ஒப்புக்கொள்ளாவிட்டால் தொகை முழுவதும் திருப்பித் தரப்படும் என்ற ஒரு வரியை ரசீதில் எழுதி வாங்க வேண்டும். எழுத மறுக்கும் கடையில் அந்த வண்டி எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும் விட்டுவிட்டு வருவதே நல்லது.

பேரத்தில் விலை ஆளுக்கு ஆள் மாறும் என்பதும் வெறும் சந்தேகம் அன்று. அமெரிக்காவின் சிகாகோ பகுதியில் புதுக் கார் விற்பனையாளர்களிடம் ஆய்வு நடத்திய இயன் ஐயர்ஸும் பீட்டர் சீகல்மேனும், ஒரே விதமாகப் பேரம் பேசப் பயிற்சி பெற்றவர்களில் வெள்ளை இன ஆண்களுக்குச் சொல்லப்பட்டதைவிட அதிக விலை பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் சொல்லப்பட்டதை 1995-இல் வெளியிட்டார்கள். அந்த ஊரின் வேற்றுமைகளை அப்படியே இங்கே பொருத்த முடியாது. ஆனாலும் முதல் முறையாகக் கார் வாங்க வருபவரிடமும், தனியாக வரும் பெண்ணிடமும், எந்தக் கேள்வியும் கேட்காமல் நிற்பவரிடமும் பேச்சு எந்தத் தொகையில் தொடங்குகிறது என்பதைக் கவனித்தவர்களுக்கு இந்த முடிவில் வியப்பு இருக்காது.

சொன்ன விலைக்கு வெளியே நிற்கும் செலவுகளை இப்போது பார்க்கலாம். கணக்குக்காக ஒரு வண்டியை வைத்துக்கொள்வோம். கடையில் பேசி முடித்த விலை 4,75,000 ரூபாய். ஆர்சி எனும் பதிவுச் சான்றில் பெயர் மாற்றத்துக்கும் பேப்பர் வேலைக்கும் 10,000, இன்சூரன்ஸுக்கு 16,000, தேய்ந்த டயர்களை மாற்ற 18,000 என்று சேர்த்தால் 5,19,000 ஆகிறது. இந்த மூன்றும் உள்ளடங்கிய 5,25,000 ரூபாய் வண்டி வேறிடத்தில் இருந்தால், ஐம்பதாயிரமாகத் தோன்றிய வித்தியாசம் உண்மையில் ஆறாயிரம்தான். இன்சூரன்ஸில் பலரும் அறியாத ஒரு நுட்பம் உண்டு. விபத்துக் கோரிக்கை இல்லாததற்காகக் கிடைக்கும் என்சிபி தள்ளுபடி, அதிகபட்சம் 50 சதவீதம் வரை, பழைய உரிமையாளருக்கு உரியதே தவிர வண்டிக்கு உரியதன்று. பாலிசி உங்கள் பெயருக்கு மாறும்போது எஞ்சிய காலத்துக்கான தள்ளுபடித் தொகையை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். 'இன்சூரன்ஸ் கரெண்ட்ல இருக்கு' என்ற ஒரு வாக்கியத்தை வைத்து அந்தச் செலவே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

வரியின் பெயரால் கேட்கப்படும் தொகையிலும் கவனம் தேவை. பழைய வாகனங்களுக்கான ஜிஎஸ்டியை 18 சதவீதமாக்கும் முடிவு 2024 டிசம்பரில் நடந்த 55-ஆவது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் எடுக்கப்பட்டது. அந்த வரி வியாபாரியின் லாப வித்தியாசத்தின் மீதுதான் விதிக்கப்படுகிறது, வண்டியின் முழு விலையின் மீது அன்று. நாலு லட்சத்துக்கு வாங்கி நாலு லட்சத்து அறுபதாயிரத்துக்கு விற்றால், அறுபதாயிரத்தின் மீது 10,800 ரூபாய் வரி. முழுத் தொகைக்கும் 18 சதவீதம் போட்டு 82,800 கேட்டால் அது தவறான கணக்கு. வியாபாரி அல்லாத தனிநபர் தன் காரை இன்னொரு தனிநபருக்கு விற்கும்போது இந்த வரியே இல்லை.

எல்லாவற்றையும்விட அதிகப் பணம் காணாமல் போகும் இடம் கடன். 'மாசம் எவ்வளவு கட்ட முடியும் சார்' என்று கடைக்காரர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொன்ன கணத்திலிருந்து வண்டியின் விலை பேச்சிலிருந்து விலகிவிடுகிறது. அதன் பிறகு தவணைக் காலத்தை நீட்டி எந்த விலையையும் அந்த மாதத் தொகைக்குள் அடக்கிவிடலாம். வட்டியையும் பெரும்பாலும் பிளாட் கணக்கில்தான் சொல்வார்கள். நாலு லட்சம் ரூபாய்க்கு 9 சதவீத பிளாட் வட்டியில் நான்கு ஆண்டுகள் என்றால், அசல் குறையக் குறைய வட்டி குறைவதில்லை. நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 1,44,000 வட்டி, மாதம் 11,333 ரூபாய். மீதியுள்ள அசலுக்கு மட்டும் வட்டி போடும் குறையும் நிலுவைக் கணக்கில் பார்த்தால் இது ஏறக்குறைய 16 சதவீத வட்டிக்குச் சமம். அதே தொகையை வங்கியில் குறையும் நிலுவையில் 12 சதவீதத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 10,534 ஆகும். 9 என்பது 12-ஐவிடச் சிறிய எண் என்பதால் முதலாவதைத் தேர்ந்தெடுப்பவர் நான்கு ஆண்டில் சுமார் 38,000 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறார். நாள் முழுதும் பேரம் பேசிக் குறைத்த தொகையைவிட இது பெரிது.

இந்தச் சுமை எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது. சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையிலும் தறியிலும் உழைத்து நல்ல வருமானம் ஈட்டும் பல குடும்பங்களிடம் சம்பளச் சீட்டும் இல்லை, வருமான வரிக் கணக்கும் இல்லை. வங்கி தயங்கும்போது, கன்சல்டிங் கடையே ஏற்பாடு செய்து தரும் ஃபைனான்ஸ்தான் அவர்களுக்குத் திறந்திருக்கும் ஒரே கதவாகத் தெரிகிறது. கடன் தருபவரும் வண்டி விற்பவரும் ஒரே மேசையில் இருக்கும்போது, வண்டியின் விலையில் விட்டுக்கொடுத்ததை வட்டியில் எடுத்துக்கொள்வது எளிது. வீட்டில் நகை இருந்தால், வங்கியில் நகைக்கடனுக்கு என்ன வட்டி என்று முதலில் விசாரித்துவிட்டுக் கடைக்குப் போவது பெரும்பாலும் லாபமாகவே முடியும். நகைக்கடனுக்குச் சம்பளச் சீட்டும் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

நிறுவனப் பெயரில் நடக்கும் ஷோரூம்களுக்கு வருவோம். மாருதி சுசூகி 2001-இல் தொடங்கிய ட்ரூ வேல்யூ இவற்றில் பலரும் அறிந்தது. பரிசோதனை செய்து சான்றளிக்கப்பட்ட வண்டிகளுக்கு ஓராண்டு வரை உத்தரவாதமும் மூன்று இலவச சர்வீஸும் தருவதாக அந்நிறுவனம் சொல்கிறது. இங்கே பேரத்துக்கு இடம் குறைவு. விலையில் மறைந்திருப்பது, அந்த உத்தரவாதத்துக்காக நாம் எவ்வளவு கொடுக்கிறோம் என்பது. அது தனியாக எழுதப்படாமல் வண்டியின் விலைக்குள்ளேயே சேர்ந்திருக்கிறது. உத்தரவாதம் முக்கியமாக இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சார்ந்தது. கிளட்ச், பிரேக், டயர் போன்ற தேயும் பாகங்கள் பொதுவாக அதில் வராது. அதே வளாகத்தில் சான்றளிக்கப்படாத வண்டிகளும் நிற்கக்கூடும் என்பதால், பெயர்ப்பலகையைப் பார்த்து அல்ல, குறிப்பிட்ட வண்டியின் சான்றிதழைப் பார்த்தே பணம் கட்ட வேண்டும். பழைய வண்டியைக் கொடுத்து மாற்றுபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: உங்கள் வண்டிக்கு எதிர்பாராத நல்ல விலை சொன்னால், வாங்கப்போகும் வண்டியில் அது ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு விலைகளையும் தனித்தனியே பேசி முடித்த பிறகே ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்க வேண்டும்.

செயலி வழி நிறுவனங்களின் சிறப்பு, விலை எல்லோருக்கும் ஒன்றே என்பதும், சில நாட்களுக்குள் வண்டியைத் திருப்பித் தரும் வசதியை அவற்றில் சில தருவதும். பேரம் பேசத் தெரியாதவருக்கு இது உண்மையான பாதுகாப்பு. ஆனால் திரையில் முதலில் தெரியும் தொகைக்கும் பணம் கட்டும் பக்கத்தில் வரும் தொகைக்கும் இடையே கட்டணங்கள் சேரலாம். கடைசித் தொகையை மட்டுமே மற்ற இடங்களோடு ஒப்பிட வேண்டும். பெங்களூரில் நிற்கும் கர்நாடகப் பதிவு வண்டி மலிவாகத் தெரிந்தால் என்ஓசி எனும் தடையின்மைச் சான்று, தமிழ்நாட்டுச் சாலை வரி, மறுபதிவு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்க்காமல் அதை மலிவு என்று சொல்ல முடியாது. டில்லிப் பக்கத்து வண்டிகளுக்கும் இது பொருந்தும். பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தலைநகர்ப் பகுதியில் விதிக்கப்பட்ட கட்டுப்பாடு அங்கே விலையைச் சரித்திருக்கிறது. இங்கே கொண்டுவந்து பதிவு செய்யும் செலவை அது குறைப்பதில்லை.

உரிமையாளரிடம் நேரடியாக வாங்கும்போது வியாபாரியின் லாபமும் வரியும் இல்லாததால், நல்ல வண்டி நியாயமான விலையில் கிடைக்கும் வாய்ப்பு மற்ற மூன்றையும்விட அதிகம். இங்கே மறைந்திருப்பது வண்டியின் நிலை. அதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. உரிமையாளர் என்று விளம்பரம் செய்பவர் புரோக்கராக இருப்பதும் உண்டு. ஆர்சியில் உள்ள பெயரும் பணம் வாங்குபவரின் ஆதாரும் ஒன்றா என்று பார்த்தாலே அது தெரிந்துவிடும். மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் அது எத்தனையாவது உரிமையாளரிடம் இருக்கிறது, இன்சூரன்ஸ் எதுவரை, கடன் பதிவு நீக்கப்பட்டதா என்பவற்றைப் பார்க்கலாம். கடன் முடிந்தும் ஆர்சியில் எச்பி எனும் கடன் பதிவு நீக்கப்படாமல் இருந்தால், அதை நீக்குவதற்கான படிவம் 35-உம் கடன் கொடுத்தவரின் தடையின்மைச் சான்றும் கைக்கு வரும் வரை காத்திருக்க வேண்டும்.

வண்டியின் நிலையைக் கண்டறிவதில் கிலோமீட்டர் எண்ணை நம்பி ஏமாறுவோரே அதிகம். மீட்டரைக் குறைத்து வைப்பது ஒரு புறம். உண்மையான எண்ணே நம்மைத் திசை திருப்புவது இன்னொரு புறம். அமெரிக்காவில் 2 கோடிக்கும் மேற்பட்ட பழைய கார் விற்பனைகளை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, ஓடிய தூரம் ஒவ்வொரு பத்தாயிரம் மைலைக் கடக்கும்போதும் விலை படிக்கட்டுப் போலச் சட்டென்று இறங்குவதைக் காட்டியது. 79,900-க்கும் 80,100-க்கும் வண்டியில் எந்த மாற்றமும் இல்லை. வாங்குபவர் முதல் இலக்கத்தைப் பார்க்கிறார், அவ்வளவே. நம் பகுதியில் இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஏற்காட்டில் எஸ்டேட் வேலைக்கு ஓடிய வண்டி நாற்பதாயிரம் கிலோமீட்டரே காட்டினாலும், இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்கியதில் அதன் கிளட்சும் பிரேக்கும் சஸ்பென்ஷனும், கோவை நெடுஞ்சாலையில் எழுபதாயிரம் ஓடிய வண்டியைவிடத் தேய்ந்திருக்கக்கூடும். மலையின் ஈரத்தில் அடிப்பகுதி துருப்பிடித்திருக்கவும் கூடும். 'கிலோமீட்டர் கம்மி' என்பதற்காக அதற்கு அதிக விலை கொடுப்பது தலைகீழான கணக்கு.

அதே மலைப் பாதை வாங்குபவருக்குக் கிடைத்த மிகச் சிறந்த பரிசோதனைக் கூடமும் ஆகும். கடையைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிக் காட்டுவதில் எதுவும் தெரியாது. எரிபொருள் செலவை நீங்களே ஏற்றுக்கொண்டு, மெக்கானிக்கையும் உட்கார வைத்து, அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுப் பாதையில் சில வளைவுகள் ஏறிப் பாருங்கள். இன்ஜின் சத்தம் உயர்ந்தும் வேகம் கூடாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. ஏற்றத்தில் வெப்ப முள் மேலேறினால் குளிரூட்டும் அமைப்பில் குறை இருக்கிறது. இரண்டாவது கியரில் இறங்கும்போது பிரேக் மிதி மென்மையாகிக்கொண்டே போனாலோ, ஸ்டீயரிங் நடுங்கினாலோ அதுவும் செலவுதான். அங்கே தெரியும் ஒவ்வொரு குறைக்கும் பழுதுச் செலவைக் கேட்டு விலையில் கழிக்கச் சொல்லலாம். மலையேற்றிப் பார்க்க அனுமதி மறுத்தால் அந்த மறுப்பே போதுமான தகவல். செயலி வழி வாங்கும் வண்டிக்கு இந்த வாய்ப்பு, வண்டி வந்து சேர்ந்த பிறகு, திருப்பித் தரும் கெடுவுக்குள்தான் கிடைக்கும். அப்போதும் எத்தனை கிலோமீட்டர் வரை ஓட்டலாம் என்ற நிபந்தனையை முன்பே படித்துவிட வேண்டும்.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரும் வங்கிக் கடனோ கையிருப்போ உள்ள குடும்பத்துக்கு உரிமையாளரிடம் நேரடியாக வாங்குவதையே நான் பரிந்துரைப்பேன். அங்கே மறைந்திருக்கும் ஒன்றை அவர்களால் கண்டுபிடிக்க முடியும். மெக்கானிக் துணை இல்லாமல் முதல் முறையாக வாங்குபவர், சில பத்தாயிரம் கூடுதலானாலும், நிறுவன ஷோரூமில் சான்றளிக்கப்பட்ட வண்டியை எடுப்பது நல்லது. செயலி வழி வாங்குவதை, உள்ளூரில் கிடைக்காத மாடல் தேவைப்பட்டால் மட்டும் யோசிக்கலாம். சேலத்தில் இருப்பவருக்கு அது முதல் தேர்வு ஆகாது. கன்சல்டிங் கடையில் வண்டிகள் நிறைய இருப்பதும் ஒரே நாளில் பத்தைப் பார்க்க முடிவதும் உண்மையான நன்மைகள். கடனை வேறிடத்தில் முடித்துக்கொண்டு போனால், கடையின் பெரிய ஆயுதம் ஒன்று அங்கேயே செயலிழந்துவிடும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தத்தின்படி, பழைய வண்டிகளை வாங்கி விற்பவர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும். அதைக் காட்டச் சொல்லத் தயங்கக் கூடாது. வண்டியைப் பற்றிப் பொய் சொல்லி விற்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். அதற்குக் கையில் பில் வேண்டும். ஆகவே ஜிஎஸ்டியைத் தவிர்க்கப் பில் இல்லாமல் விலை குறைத்துத் தருவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

எந்த வழியில் வாங்கினாலும் ஆர்சி பெயர் மாற்றத்தை விற்பவரின் வாய்மொழிக்கு விட்டுவிடக் கூடாது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பழைய பெயரிலேயே வண்டி ஓட்டுபவர்கள் நம் ஊரில் நிறைய. மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவின்படி வாங்குபவர் 30 நாட்களுக்குள் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருப்பதால், விற்பவருக்கும் தாமதம் ஆபத்தானதுதான். பேசிய விலையில் இருபத்தைந்தாயிரமாவது நிறுத்தி வைத்து, உங்கள் பெயரில் ஆர்சி வந்த அன்று தருவதாக விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். நிறுவன ஷோரூமும் செயலியும் இதற்கு ஒப்பமாட்டா என்பதால், அங்கே எந்தத் தேதிக்குள் ஆர்சி தரப்படும், தவறினால் என்ன ஈடு என்பதை ஆர்டர் படிவத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள்.